ஒட்டுக்குக் கீழே இருந்த ரோஜா

சத்தியமங்கலத்திலிருந்து மைசூருக்குப் போகும் சாலை ஒரு பூச்சந்தையில் தொடங்கி இன்னொரு பூச்சந்தையில் முடிகிறது. காலையில் சத்தியில் மல்லிகையும் முல்லையும் ஏலம் போய்க்கொண்டிருக்கும். அங்கிருந்து கிளம்பி, பண்ணாரி அம்மனைக் கும்பிட்டுவிட்டு, 27 கொண்டை ஊசி வளைவுகளில் திம்பம் ஏறினால் காற்றே வேறாகிவிடுகிறது. ஆசனூர் காடு, காரப்பள்ளம் சோதனைச் சாவடி, அப்புறம் சாமராஜநகரின் செம்மண்ணும் செண்டுமல்லி வயல்களும். நஞ்சன்கூட்டில் கபினியைக் கடந்துவிட்டால் மைசூர் வந்தமாதிரிதான். புலிகள் காப்பகத்துக்குள் போகும் சாலை என்பதால் இரவில் வண்டிகளுக்குக் கட்டுப்பாடு உண்டு. பகலில் போவதுதான் நல்லது. ஜன்னலோரம் உட்கார்ந்து பார்க்க அவ்வளவு இருக்கிறது.

தசரா நேரம். எல்லோரும் ஜம்பு சவாரி யானை ஊர்வலத்தைப் பார்க்கப் போகிறார்கள். எனக்குக் குப்பண்ணா பூங்காவில் தசராவை ஒட்டி நடக்கும் மலர்க் கண்காட்சியைப் பார்க்க வேண்டும், சரஸ்வதிபுரத்தில் பெரியம்மா வீட்டில் தங்க வேண்டும், ஒரு கேள்விக்குப் பதில் தேட வேண்டும். வேலைக்குப் போய்வந்து மிஞ்சுகிற கொஞ்ச நேரத்தில், வாராவாரம் மருந்தடிக்காமல், எங்கள் ஈரோட்டு வெயிலில் வளர்க்கக்கூடிய ரோஜா எது?

நம் ஊரில் ரோஜா வைக்காத வீடு குறைவு. வைத்த செடி நிலைத்த வீடு அதைவிடக் குறைவு. தெருவில் தள்ளுவண்டியில் வரும் செடியில் நாலு பூவும் ஆறு மொட்டும் இருக்கும். களிமண் உருண்டையோடு வாங்கித் தொட்டியில் வைப்போம். இருக்கும் மொட்டெல்லாம் மலரும். அப்புறம் இலை மஞ்சளாகும், கரும்புள்ளி விழும், குச்சி நுனியிலிருந்து கருகிக்கொண்டே வந்து ஒரு கோடையில் செடி போய்விடும். ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோ போனவர்கள் மடியில் வைத்துக் கொண்டுவருகிற செடியின் கதையும் இதுதான். ஊட்டி ரோஜாப் பூங்கா 1995இல் தொடங்கியது. உலக ரோஜா சங்கங்களின் கூட்டமைப்பே 2006இல் பாராட்டுச் சின்னம் கொடுத்த அருமையான தோட்டம். ஆனால் அது 2,200 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே நன்றாக இருக்கும் செடி கரூரிலும் அப்படியே இருக்கும் என்று நம்புவதற்குக் காரணம் ஒன்றும் இல்லை.

மைசூர் கிட்டத்தட்ட 770 மீட்டர். மலையும் இல்லை, நம் சமவெளியும் இல்லை. ஏப்ரலில் வெயில் நன்றாகவே அடிக்கும், மழை மே முதல் அக்டோபர் வரை விட்டுவிட்டுப் பெய்யும். ரோஜாவுக்கு வரும் நோய் எல்லாம் வர இந்த ஈரமும் சூடும் போதும். இங்கே தாங்குகிற செடியைத் தமிழ்நாட்டில் தைரியமாக வைத்துப் பார்க்கலாம் என்று தோன்றியது.

முதலில் தேவராஜா மார்க்கெட். சிக்க கடியாரம் என்று ஊர்க்காரர்கள் சொல்லும் சின்ன மணிக்கூண்டுப் பக்கமாக உள்ளே நுழைந்தால், குங்குமக் குவியல்களையும் நஞ்சன்கூடு வாழைப்பழத்தையும் தாண்டிப் பூவரிசை. மைசூர் மல்லிகைக்குப் புவிசார் குறியீடு உண்டு, அதை வாங்காமல் வரக்கூடாது. நான் நின்றது ரோஜா விற்கும் இடத்தில். அங்கே ரோஜா இரண்டு சாதி. ஒன்று, தண்டோடு, மொட்டுக்குக் காகிதமோ வலையோ சுற்றி, இருபது இருபதாகக் கட்டி நீரில் நிற்பது. இன்னொன்று, காம்பே இல்லாமல் சாக்கு விரித்துக் குவித்துக் கிலோக் கணக்கில் விற்பது. முதலாவது பெங்களூரையும் ஓசூரையும் சுற்றியுள்ள பசுமைக்குடில்களில் விளைவது. 'தாஜ்மஹால்' என்ற சிவப்பு ரகம் காதலர் தினத்துக்கு ஓசூரிலிருந்து விமானம் ஏறும் ரகம். இரண்டாவது திறந்த வயலில் வெயிலிலும் மழையிலும் நின்று காய்கிற செடியிலிருந்து வருவது. அதிலும் சிவப்பு, பட்டன் ரோஸ், வெளிர் சிவப்பில் மணம் வீசும் பன்னீர் ரோஜா என்று வகை இருக்கிறது.

பூக்காரர் தமிழ் பேசினார். சேலம் பக்கத்துக்காரர், இரண்டு தலைமுறையாக மைசூர். "தண்டு ரோஸ் கண்ணுக்கு. இது மாலைக்கு. இந்த வெலைக்குக் கொட்டகை போட்டு வளத்தா கட்டுமாம்மா?" என்றார். கிலோ விலையில் விற்கும் பூவுக்குக் கூடாரமும் வேண்டாம், தினம் பக்குவம் பார்க்கும் ஆளும் வேண்டாம். அப்படிச் செலவு பிடித்தால் அந்தப் பூ மாலைக்கே வந்திருக்காது. விலை நன்றாக இருக்கும் பருவத்தில் உழவர்கள் இதற்கும் மருந்தடிக்கிறார்கள்தான். இலைப்பேன் விழுந்த பூவைச் சந்தை வாங்காதே. ஆனால் வீட்டுக்காரருக்கு ஒவ்வொரு இதழும் அப்பழுக்கில்லாமல் இருக்க வேண்டியதில்லை. நான் தேடி வந்த செடி நீர் வாளியில் இல்லை, சாக்கின்மேல் குவிந்து கிடக்கும் பூவின் சொந்தக்காரச் செடிதான் அது என்ற எண்ணம் எனக்கு அங்கேதான் விழுந்தது.

மறுநாள் கண்காட்சி. கண்ணாடி மாளிகைக்குள் பூக்களாலேயே கட்டியெழுப்பிய பெரிய உருவத்தைச் சுற்றிக் கூட்டம் நெரிந்தது. வெளியே தொட்டி வரிசைகளில் நிதானமாக நிற்க முடிந்தது. உள்ளங்கை அகலத்தில் மஞ்சள், செம்மஞ்சள், இரண்டு நிறம் கலந்தவை. ஒரு செடிக்கு ஒரு பூ என்று பக்க மொட்டுகளைக் கிள்ளிவிட்டு வளர்த்திருந்தார்கள். தொட்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்த தோட்டக்காரரிடம் விசாரித்தேன். இன்ன நாளில் பூக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுக் கவாத்து, வாரம் ஒருமுறை பூஞ்சைக்கு மருந்து, செஞ்சிலந்திக்குத் தனி மருந்து, இரண்டு வாரத்துக்கு ஒரு உரக் கரைசல், மழை வந்தால் தொட்டியை உள்ளே எடுத்து வைப்பது. ஒரு குழந்தையைப் பார்ப்பதுபோலப் பார்க்கிறார். அந்த உழைப்புக்கு மரியாதை செய்யத்தான் வேண்டும். அதே செடியை வாங்கி வந்து, அதில் பத்தில் ஒரு பங்கு வேலையும் செய்ய முடியாத நாம், நம் கை ராசியைக் குறை சொல்லிக்கொள்கிறோமே, அதுதான் தாங்கவில்லை.

அந்தப் பெரிய பூக்களின் பலவீனத்துக்கு ஒரு வரலாறு உண்டு. இன்று கடையில் ரோஜா என்று நாம் கேட்டு வாங்கும் ஹைப்ரிட் டீ வகையின் முதல் ரகம் என்று கொள்ளப்படுவது 1867இல் பிரான்சில் கியோ உருவாக்கிய 'லா ஃபிரான்ஸ்'. அந்தக் கூட்டத்தில் அப்போது நல்ல அடர்மஞ்சள் கிடையாது. லியோன் நகரத்துப் பெர்னே துஷே என்பவர் பாரசீகத்து மஞ்சள் ரோஜாவைச் சேர்த்துப் பல ஆண்டு முயன்று 1900இல் 'சொலெய் டோர்' என்ற ரகத்தை வெளியிட்டார். இன்று நாம் பார்க்கும் மஞ்சள், செம்மஞ்சள், தீ நிறம் எல்லாம் பெரும்பாலும் அந்த வழியில் வந்தவை. ஆனால் பாரசீக ரோஜா வறண்ட நிலத்துச் செடி. ஈரத்தில் பரவும் கரும்புள்ளி நோயை எதிர்க்கும் சக்தி அதற்கு இல்லை. நிறத்தோடு அந்தக் குறையும் கூடவே வந்து சேர்ந்துவிட்டது. பிறகு நூறாண்டுகளாக ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ரோஜா உருவாக்கியவர்கள் பூவின் வடிவையும் நிறத்தையும் பார்த்தார்கள், அங்குள்ள குளிரைத் தாங்குமா என்று பார்த்தார்கள். நம் வைகாசி வெயிலும் ஐப்பசி மழையும் அவர்கள் கணக்கிலேயே இல்லை.

அன்று மாலை பெரியம்மா வீட்டுக் கொல்லையில் பதில் கிடைத்தது.

பெரியம்மா கோபிச்செட்டிபாளையத்தில் பிறந்து, கல்யாணமாகி மைசூர் வந்தவர். பேச்சில் கொங்கும் கன்னடமும் கலந்திருக்கும். கொல்லையில் துவைகல்லுக்குப் பக்கத்தில் ஆள் உயரத்துக்கு ஒரு ரோஜாப் புதர். புதர் என்றுதான் சொல்ல வேண்டும். செடி என்றால் அதன் பரப்பு தெரியாது. துணி அலசிய தண்ணீர்தான் அதற்குப் பாய்ச்சல். வெளிர் சிவப்பில் சின்னச் சின்னப் பூ, இதழ் அடுக்கு நெருக்கம், கிட்டப் போகும் முன்பே மணம் வந்து சேர்கிறது. இலைகளில் அங்கங்கே புள்ளி இருந்தது. அதைப் பற்றிச் செடி கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. அடிக்குச்சிகள் விரல் பருமனைத் தாண்டிக் கட்டை ஆகியிருந்தன.

"எங்க வாங்கினீங்க பெரியம்மா?"

"இது நா வாங்குன செடியே இல்ல கண்ணு. நா வாங்குனது மஞ்சப்பூவு. ரெண்டு வருசம் பூத்துச்சு. அப்பறம் அது பட்டுப்போயி, அடியிலருந்து இது வந்துருச்சு. உங்க பெரியப்பா புடுங்கிப் போடுன்னாரு. பூக்கறத எதுக்குப் புடுங்கோணும்னு உட்டுட்டேன். நம்ம கவிதா கல்யாணத்துக்கு முன்னால வந்தது. கவிதா மகன் இப்ப காலேஜுல படிக்கறான்."

மண்டியிட்டு அடித்தூரைப் பார்த்தேன். தரையை ஒட்டிப் பழைய ஒட்டின் முண்டு தெரிந்தது. அதற்கு மேலே கருகிப்போன ஒரு குட்டைக் கட்டை. அதற்குக் கீழேயிருந்து, மண்ணுக்குள்ளிருந்து, புதர் முழுவதும்.

நாம் வாங்கும் ரோஜாக்களில் மிகப் பல ஒட்டுச்செடிகள். பெரிய பூ ரகங்களின் வேர் நம் மண்ணில் தானாக நின்று வலுப்பெறாது. அதனால் உறுதியான இன்னொரு ரோஜாவின் தண்டில் அதன் கண்ணை எடுத்து ஒட்டுகிறார்கள். கீழே இருப்பது வேர்ச்செடி. மேலே ஒட்டியது பட்டுப்போனால் கீழே இருப்பது தன் பாட்டுக்குத் துளிர்க்கும். "மஞ்சள் வாங்கினேன், ரோஸ் கலராக மாறிவிட்டது" என்று பக்கத்து வீட்டில் சொல்லக் கேட்டிருப்பீர்கள். எந்த நிறமும் மாறவில்லை. விலை கொடுத்து வாங்கிய செடி செத்துப்போக, சுமைதாங்கியாக இருந்த செடி பிழைத்துக்கொண்டது.

தென்னிந்தியாவில் அப்படிச் சுமைதாங்கிய செடிகளில் முக்கியமானது எட்வர்டு ரோஜா. பூ வியாபாரத்துக்காகத் தமிழ்நாட்டு உழவர்கள் வயலில் நடுவதும் இதைத்தான், ஆந்திரா சிவப்பு ரோஜாவோடு சேர்த்து. பல நர்சரிகளில் பன்னீர் ரோஜா என்று கேட்டால் இதைத்தான் எடுத்துக் கொடுக்கிறார்கள். ஒட்டும் வேண்டாம், ஒரு குச்சியை ஒடித்து நட்டால் வேர் பிடிக்கும். அதன் பெயருக்குப் பின்னே ஒரு கடல் பயணம் இருக்கிறது. இந்தியப் பெருங்கடலில், மொரீஷியஸுக்குப் பக்கத்தில் ரெயூனியன் தீவு. பிரெஞ்சுக்காரர்கள் அதை அப்போது பூர்போன் தீவு என்றார்கள். நம் ஊர்களிலிருந்து கரும்புத் தோட்ட வேலைக்குத் தமிழர்கள் கப்பலேறிப் போன தீவு அது. அங்கே தோட்டங்களுக்கு ரோஜாவாலேயே வேலி போட்டிருந்தார்கள். ஒன்று சீனத்து ரோஜா, இன்னொன்று இரண்டு பருவம் பூக்கும் டமாஸ்க் ரோஜா. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நின்றதால் தாமே கலந்து ஒரு புதுச் செடி வேலியிலேயே முளைத்தது. எதுவார் பெரிஷோன் என்பவர் அதைக் கண்டு தனியே எடுத்து வளர்த்தார்; அவர் பெயராலேயே அது 'ரோஸ் எதுவார்' ஆனது. 1817இல் அந்தத் தீவுக்கு வந்த தாவரவியலாளர் பிரேயோன் அதன் விதைகளைப் பாரிஸுக்கு அனுப்பினார். ஐரோப்பாவின் பூர்போன் ரோஜா வம்சம் அங்கிருந்து கிளைத்தது. எதுவார் நம் வாயில் எட்வர்டு ஆகியிருக்கிறார்.

ஐரோப்பாவில் அந்த முதல் எதுவார் ரோஜாவை ஒரு கட்டத்தில் எங்கோ தொலைத்துவிட்டார்கள். இந்தியாவில் மாலை கட்டவும் பன்னீர் வடிக்கவும் ஒட்டுப் போடவும் வளர்த்துவரும் எட்வர்டு ரோஜா அந்த முதல் செடியேதான் என்று கொடைக்கானலைச் சேர்ந்த எம்.எஸ். வீரராகவனும் கிரிஜா வீரராகவனும் எழுதியிருக்கிறார்கள். யாருடைய சேகரிப்பிலும் இல்லாமல், யாரும் போற்றாமல், துவைகல் ஓரத்திலும் வயல் வரப்பிலும் அது இருநூறாண்டு பிழைத்திருக்கிறது. வேலியில் பிறந்த செடிக்குத் தனிப் பராமரிப்பு ஏன் வேண்டியிருக்கப் போகிறது? அதன் ஒரு பக்கத்துப் பெற்றோரான சீனத்து ரோஜாவுக்கும் நம்மோடு உறவு உண்டு. கான்டனிலிருந்து கப்பலேறிய சீன ரோஜாக்கள் கல்கத்தாத் தாவரவியல் தோட்டத்தில் இறங்கி இளைப்பாறித்தான் ஐரோப்பா போயின. அதனால் பிரெஞ்சுக்காரர்கள் அவற்றுக்கு வங்க ரோஜா என்றே பெயர் வைத்தார்கள்.

அடுத்த நாள் பெரியம்மாவையும் கூட்டிக்கொண்டு நர்சரிகளைச் சுற்றினோம். பெயர் சொல்ல வேண்டிய தேவை இல்லை. எல்லா இடத்திலும் ஒரே காட்சி. முன்வரிசையில் பெரிய பூ ஒட்டுச்செடிகள். குச்சியில் வந்த நாட்டு ரோஜா இருக்கிறதா என்று கேட்டால் பின்னால், வேலியோரம், பெயர்ச்சீட்டு இல்லாத பைகளைக் காட்டுவார்கள். பெரியம்மா கன்னடத்தில் "பன்னீர் குலாபி" என்று கேட்டதும் ஒரு பையன் ஓடிப்போய் எடுத்துவந்தான். ஒட்டுச்செடியின் விலையில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. விலை குறைவு என்பதாலேயே நர்சரிக்காரர்களுக்கு இதை முன்னால் வைக்க மனம் வருவதில்லை போலும். வாடிக்கையாளரும் செத்த செடிக்குப் பதில் மறுபடி வந்து ஒட்டுச்செடியைத்தான் வாங்குகிறார்.

வாங்கும்போது அடித்தண்டைப் பார்க்க வேண்டும். ஒட்டுச்செடியில் தரைக்குச் சற்று மேலே முண்டும், பிளாஸ்டிக் நாடாவின் தடமும் இருக்கும். குச்சிச் செடி நேராக மண்ணிலிருந்து எழும்பும். ஐந்து இலை இருந்தால் நல்ல ரோஜா, ஏழு இலை இருந்தால் காட்டு ரோஜா என்று ஒரு கணக்கு ஊரெல்லாம் சொல்வார்கள். அதை நம்பி நல்ல கிளையை வெட்டியவர்கள் நிறைய. ஒரே செடியில் ஐந்தும் வரும், ஏழும் வரும். கிளை ஒட்டுக்கு மேலேயிருந்து வருகிறதா கீழேயிருந்தா என்று பார்ப்பதுதான் சரியான வழி. இன்னொன்றும் சொல்ல வேண்டும். வேர்ச்செடியாகப் போடுவது எப்போதும் எட்வர்டு இல்லை. பெரியம்மாவுக்கு வாய்த்ததுபோல எல்லோருக்கும் வாய்க்காது. கீழேயிருந்து துளிர்த்து, வருடத்துக்கு ஒருமுறை மட்டும் சின்ன வெள்ளைக் கொத்தாகப் பூத்தால் அது வேறு இனம். வேலிக்கு ஆகும், பூஜைக்கு ஆகாது.

எட்வர்டு மட்டும்தானா என்றால், இல்லை. பட்டன் ரோஸ் வகைகள் தொட்டிக்கு நன்றாக வரும், சோர்வே தெரியாமல் கொத்துக் கொத்தாகப் பூக்கும். மணம் எதிர்பார்க்கக் கூடாது. இங்கிலாந்தில் 1932இல் வந்த 'தி ஃபேரி' என்ற வெளிர் சிவப்புக் கொத்து ரோஜாவும் குச்சியிலேயே வரும், நர்சரியில் கிடைத்தால் விடக்கூடாது. அமெரிக்காவின் டெக்சாஸில், நம்மைப்போலவே கோடை கொளுத்தும் ஊர்களில், டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தார் 'எர்த் கைண்டு' என்று ஒரு சோதனை நடத்தினார்கள். செடிகளை நட்டு, கனமாக மூடாக்குப் போட்டு, பூச்சிமருந்தும் பூஞ்சைமருந்தும் உரமும் இல்லாமல் ஆண்டுக்கணக்கில் விட்டுப் பார்த்தார்கள். தேறியவற்றில் 'தி ஃபேரி' உண்டு, சீனத்து ரோஜாவான 'மியூட்டபிலிஸ்' உண்டு, 1857ஆம் ஆண்டு டீ ரோஜாவான 'டச்செஸ் டி பிரபான்ட்' உண்டு. பழைய செடிகள் இப்படித் தேறியதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. மருந்துத் தெளிப்பான்கள் வருவதற்கு முன்பே பிழைத்துக் காட்டியவை அவை.

2000ஆம் ஆண்டில் அமெரிக்கச் சந்தைக்கு வந்த 'நாக் அவுட்' ரகத்தைப் பற்றியும் நிறையச் சொல்கிறார்கள். வில்லியம் ராட்லர் என்பவர் வீட்டு நிலவறையில் விதை முளைக்கவைத்து உருவாக்கியது. கரும்புள்ளியே அண்டாது என்ற பெயர் வாங்கியது. அந்த நாடு முழுவதும் அதையே நட்டார்கள். பிறகு சிலந்திப்பேன் பரப்பும் ஒரு வைரஸ் நோய் வந்து அந்தச் செடிகளை வரிசை வரிசையாக வாங்கிக்கொண்டது. அந்த ரகத்தில் மணமும் இல்லை. சாமி படத்துக்கும் தலைக்கும் ரோஜா வைக்கும் நம் வீடுகளுக்கு மணமில்லாத ரோஜாவைச் சிபாரிசு செய்ய எனக்கு மனம் வரவில்லை.

மைசூர் பயணத்தில் பிருந்தாவனமும் பார்த்தேன். கிருஷ்ணராஜசாகர் அணையடியில், மிர்சா இஸ்மாயில் திவானாக இருந்தபோது எழுந்த தோட்டம். ஜெர்மானியத் தோட்டக்கலை வல்லுநரான கிரும்பீகலின் கை அதில் உண்டு. நீரூற்றுக்கும் விளக்குக்கும் கூட்டம் போகிறது. ரோஜாவுக்காக அங்கே போக வேண்டியதில்லை.

மேலே பெயர் சொன்ன வீரராகவன் தம்பதியரைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். நம் வெயிலுக்கு எந்த ரோஜா என்ற கேள்விக்கே அவர்கள் வாழ்நாளைக் கொடுத்தவர்கள். எம்.எஸ். வீரராகவன் ஐ.ஏ.எஸ். பணியை முன்கூட்டியே விட்டுவிட்டுக் கொடைக்கானலில் குடியேறி ரோஜா உருவாக்குவதில் இறங்கினார். வெப்ப நாட்டுக்கான ரோஜாவை வெப்ப நாட்டு ரோஜாவிலிருந்துதான் எடுக்க வேண்டும் என்பது அவர்கள் பிடித்த பிடி. இந்தியாவிலேயே அதற்கு இரண்டு காட்டு ரோஜாக்கள் இருக்கின்றன. ஒன்று ரோசா கிளைனோஃபில்லா. வெள்ளை ஒற்றையடுக்குப் பூ. வங்கத்து ஆற்றங்கரைகளில் வெள்ளத்தில் மூழ்கியும் நிற்கும், அபு மலைப் பக்கத்து வெயிலிலும் நிற்கும். இன்னொன்று ரோசா ஜைஜான்டியா. 1882இல் தாவரவியலாளர் ஜார்ஜ் வாட் மணிப்பூர் மலைகளில் சேகரித்தது. மரத்தின்மேல் ஏறிப் படரும் பெரிய கொடி, பூவும் பெரியது. அதைத் தேடி வீரராகவன் தம்பதியர் மணிப்பூரின் சிரோஹி மலைக்கே போய் விதை கொண்டுவந்தார்கள். அந்த வழியில் வந்த 'கோல்டன் த்ரெஷோல்டு' என்ற கொடி ரோஜாவுக்கு சரோஜினி நாயுடுவின் கவிதை நூலின் பெயர். தாவரவியலாளர் ஜானகி அம்மாள் கோயம்புத்தூர்க் கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் பணியாற்றியவர். அவர் பெயரிலும் ஒரு ரோஜா உருவாக்கியிருக்கிறார்கள். வெளிநாட்டு ரோஜாப் பிரியர்கள் இந்த ரகங்களைத் தேடி வாங்குகிறார்கள். நம் ஊர் நர்சரியில் பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரிவதில்லை. இதைவிட வருத்தமான விஷயம் இந்தப் பயணத்தில் எனக்கு இல்லை.

கிளம்பும் அன்று பெரியம்மா கத்தரிக்கோலோடு கொல்லைக்கு வந்துவிட்டார். குச்சி எடுக்கும் முறையை அவர் சொன்னபடியே எழுதுகிறேன், நானும் செய்து பார்த்திருக்கிறேன். பூத்து முடிந்த கிளை, பென்சில் பருமன், முழுப் பச்சையும் வேண்டாம், முற்றிய கட்டையும் வேண்டாம். ஒரு சாண் நீளம், மூன்று நான்கு கணு. அடியில் கணுவுக்குச் சற்றுக் கீழே சாய்த்து வெட்டு, மேலே கணுவுக்குச் சற்று மேலே. உச்சியில் இரண்டு இலைக்காம்பை விட்டு மற்றதைக் கிள்ளிவிட வேண்டும். மணலும் மட்கிய எருவும் கலந்த பையில் பாதி நீளத்துக்கு ஊன்றி, நிழலில், ஈரம் காயாமல் ஆறு வாரம். இடையில் துளிர் வந்தது என்று இழுத்துப் பார்க்கக் கூடாது. வேர் பிடிக்கும் முன்பே துளிர் வந்துவிடும். மழைக்காலத்தில் பத்துக் குச்சி வைத்தால் பாதிக்கு மேல் பிழைக்கும். ஈரத்துணியில் சுற்றி, வாழைப்பட்டையில் கட்டி, திம்பம் வழியாகவே கொண்டுவந்தேன்.

நட்ட பிறகு வேலை கொஞ்சம்தான். ஆறு மணி நேர வெயில் கண்டிப்பாக வேண்டும், அதில் சமரசம் கிடையாது. நிழலில் வைத்த ரோஜாவை எந்த ரகமும் காப்பாற்றாது. மூன்றடி நான்கடி இடம் விட வேண்டும், இலைக்குள் காற்றுப் புகுந்து ஈரம் சீக்கிரம் உலர்ந்தாலே கரும்புள்ளி பாதி குறையும். தண்ணீரை வேரில் ஊற்ற வேண்டும், இலைமேல் தெளிக்கக் கூடாது. தென்னை மட்டையோ காய்ந்த இலையோ எது கிடைத்தாலும் அடியில் கனமாக மூடாக்கு. வருடத்துக்கு இரண்டு கூடை தொழு உரம், ஒரு பிடி வேப்பம்புண்ணாக்கு. பெருமழை ஓய்ந்ததும் ஒரு கவாத்து. காய்ந்த குச்சியையும் உள்ளே குறுக்காக வளர்ந்ததையும் எடுத்துவிட்டு, மீதியை மூன்றில் ஒரு பங்கு குறைத்தால் போதும். எப்போதாவது நாலு இலை புள்ளி விழுந்து உதிரும். உதிரட்டும், பொறுக்கி அப்புறப்படுத்திவிட்டால் புது இலை வரும்.

குப்பண்ணா பூங்காக் கண்காட்சியில் வீட்டுத் தோட்டங்களுக்குப் போட்டியும் பரிசும் உண்டு. தோட்டக்கலைத் துறையினரிடம் கேட்டுக்கொள்ள ஒன்று இருக்கிறது. தொட்டியில் தூக்கிக் கொண்டுவரும் பூவோடு, பத்து வருடம் ஒரே இடத்தில் மருந்தில்லாமல் நிற்கும் ரோஜாவுக்கும் ஒரு பிரிவு வையுங்கள். அந்தச் செடியைக் கொண்டுவர முடியாது, நீங்கள்தான் வீடு தேடிப் போய்ப் பார்க்க வேண்டியிருக்கும். வென்ற செடியிலிருந்து நூறு குச்சி எடுத்து, அடுத்த தசராவில் பெயர்ச்சீட்டோடு விற்பனைக்கு வையுங்கள். நம் தமிழ்நாட்டில் ஊட்டியிலும் ஏற்காட்டிலும் கோடை விழாக் கண்காட்சி நடத்துகிறவர்களுக்கும் இதையே சொல்கிறேன். சரஸ்வதிபுரத்தில் முதல் பரிசுக்கான செடி துவைகல் பக்கத்தில் இருக்கிறது.